மூன்று பலகைகள், ஒரு குடம் காவேரி

உத்தமன் சாயம் ஊற்றிய மூன்றாவது பலகையையும் தூக்கிவந்து காம்பவுண்டுச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். துணி உலர்த்திக்கொண்டிருந்த அவர் மனைவி சாந்தகுமாரி, கொடியில் தொங்கிய லுங்கியை விலக்கி எட்டிப் பார்த்தாள். மூன்றும் மூன்று தினுசு. வாசற்கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த மாதிரிப் பலகையோ நாலாவது தினுசு. அதில் நீலத்துக்குள் வெள்ளை விரிந்து, ஆப்பத்தின் ஓரம்போலப் பூத்திருந்தது. இவற்றில் ஒன்றும் பூக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாய்க் காலையிலேயே இப்படியா என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் சுப்ரியா வருவதாக இருந்தது. ஹெண்ணூர்ப் பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஆஸ்பத்திரிக்கு உள் அலங்காரம் செய்கிற பெண். மாடிக்கு மாடி நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் ஒரே மாதிரிப் படம் வேண்டுமாம். மாதிரியைப் பார்த்தவுடன் துள்ளிக் குதித்தாள். "அங்கிள், இதே மாதிரி மூணு பண்ணி எனக்குக் காட்டுங்க. சேம் டு சேம் இருந்தா முழு ஆர்டரும் உங்களுக்குத்தான்," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு போனாள்.

இந்த வம்பெல்லாம் ஒரு கண்காட்சியில் ஆரம்பித்தது. தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகு, வீட்டில் உட்கார முடியாமல் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த உத்தமன், ஒருநாள் சாயத்தைக் கோப்பையோடு பலகைமேல் கவிழ்த்து, சாய்த்துச் சாய்த்து ஓடவிட்டுப் படம் பண்ணுகிற ஒருவரைப் பார்த்தார். "ஒரு தடவை வந்த படம் மறு தடவை வராது சார், அதுதான் இதுல அழகே," என்றார் அந்த மனிதர். ஒரே அளவில் ஆயிரக்கணக்காய் உதிரிபாகம் கடைந்து தள்ளிய கையல்லவா, உத்தமனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "அதெப்படி வராது?" என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தவர்தான். பழைய காரிலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டார், பிளைவுட்டில் அறுத்த நெளிநெளியான சக்கரங்கள், சைக்கிள் செயின் எல்லாம் சேர்ந்து பின்கட்டில் ஒரு மேசையாகி நின்றன. பொத்தானை அமுக்கினால் கோப்பை தானாகக் கவிழும், மேசை தானாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். எத்தனை முறை ஓட்டினாலும் ஒரு நூல் பிசகாது. அதை சாந்தகுமாரியே அளவுகோல் பிடித்துப் பார்த்திருக்கிறாள்.

ஆனால் படம் மட்டும் பிசகிற்று.

"மெஷின்ல ஒண்ணும் தப்பு இல்ல சாந்தா," என்றார் உத்தமன். "அதே பெயிண்ட்டு, அதே அளவு. எல்லாம் அதேதான். எனக்கே மண்டை காயுது. பேசாம தேசிகனுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிட வேண்டியதுதான்."

தேசிகன் அவருடைய பெரியப்பா மகன். ஓசூரில் ஒரு பட்டறைக்கு சூப்பர்வைசராக வரச்சொல்லி ஒரு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். திங்கள் போனால் சனிக்கிழமைதான் வீடு. ஆஸ்பத்திரி வேலை கைகூடாவிட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து ஓசூர்தான் என்று பேச்சு.

சாந்தகுமாரிக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை. மனுஷன் வீட்டோடு வந்த புதிதில் அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பியவள்தான். இதை ஏன் இங்கே வச்சே, அதை ஏன் மூடி வைக்கலே என்று கூடவே சுற்றுகிற ஆளை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுவது என்று அங்கலாய்த்தாள். ஆனால் இப்போது மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவதும், பின்கட்டில் அவர் சுத்தியல் தட்டும் சத்தத்தில் அவள் கண்ணயர்வதும், கலியாணமாகி இத்தனை வருஷத்தில் கிடைக்காத சுகமாக இருந்தது. ஷிஃப்ட்டு ஷிஃப்ட்டாகத் தொழிற்சாலைக்குக் கொடுத்தது போதாதா? இந்த வயசில் போய் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

கிட்டே போய்ப் பலகையைக் குனிந்து பார்த்தாள். வெள்ளை விரியாமல், ரவை ரவையாகத் திப்பிதிப்பியாய் நின்றிருந்தது. இந்தத் திப்பியை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. விரலால் தடவினாள். சட்டென்று நினைவு வந்தது.

"என்னங்க, அன்னிக்குக் காபியில பால் திரிஞ்சு போச்சே, ஞாபகம் இருக்கா? இப்படித்தான் மிதந்துச்சு."

"என்னைக்கு?"

"கோவிந்தப்பா கடைப் பொடி மோசம்னு நான் போய்ச் சண்டை போட்டேனே அன்னிக்கு. நீங்க வாசல்ல மாட்டியிருக்கிற பலகையைப் பண்ணீங்களே, அதே நாள்தான்."

உத்தமன் அவசரமாகப் பலகையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். முகம் போன போக்கைப் பார்த்தே, இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

"சொல்லுங்க."

"அன்னிக்குக் கரண்ட் இல்ல. போர் மோட்டார் ஓடல. குழாயில சொட்டுத் தண்ணி கிடையாது. பெயிண்ட்டு கரைக்கணும், அதனால குடத்துலேர்ந்து…"

"காவேரித் தண்ணியவா?"

"கொஞ்சம்தான். அப்புறம் கரண்ட் வந்ததும் நீ கத்துவியேன்னு போர் தண்ணியப் பிடிச்சுக் குடத்தை ரொப்பி வச்சுட்டேன்."

இரண்டு நாள் விட்டு ஒருநாள் கார்ப்பரேஷன் குழாயில் வரும் காவேரித் தண்ணீர், காபிக்கும் குடிக்கவும் மட்டும் என்று அவள் மூடிபோட்டுக் காப்பாற்றுவது. போர் தண்ணீரோ வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும், அலம்பிய பாத்திரத்தில் வெள்ளை பூக்கும். அந்தத் தண்ணீரில் காபி போட்டுவிட்டு, நடுக்கடையில் நாலு பேர் முன்னால் நின்று, புளியங்கொட்டையை வறுத்து அரைத்தாயா என்று கோவிந்தப்பாவை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள். அன்றிலிருந்து அந்தக் கடை வாசலை மிதிக்கவில்லை.

"அட பாவி மனுஷா! அவரு என்ன நினைச்சிருப்பாரு!"

"தப்புத்தான்," என்றார் உத்தமன். உடனே அவர் குரல் மாறிற்று. "சாந்தா… அதுக்கப்புறம் பண்ணதெல்லாம் போர் தண்ணியிலதான் கரைச்சேன்."

திட்டுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்புறம் விடுவிடென்று உள்ளே போனாள். அடுத்த தண்ணீர் செவ்வாய்க்கிழமைதான். சமையலறையில் மிச்சமிருந்தது ஒரே குடம். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பின்கட்டில் ணங்கென்று இறக்கினாள்.

"குடிக்கிறதுக்கு?" என்றார்.

"போர் தண்ணியக் காய்ச்சிக் குடிச்சா செத்தா போயிடுவோம்? நீங்க கரைங்க."

மத்தியானத்துக்குள் முதல் பலகை பூத்துவிட்டது. இரண்டாவது ஓடும்போது அவள் பக்கத்தில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மேசை இடப்பக்கம் சாய்ந்து, நின்று, நிதானமாய் வலப்பக்கம் திரும்பியது. முதல் பலகையில் விரிந்த அதே மூலையில் வெள்ளை விரிந்தது. "வந்துச்சு! வந்துச்சு!" என்று கத்தியது தன் குரல்தான் என்பதே அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

சாயங்காலம் கோவிந்தப்பா கடைக்குப் போனாள். தண்ணீரின் கதையை ஒன்றுவிடாமல் சொல்லி, "என் மேலதான் தப்பு, மனசுல வச்சுக்காதீங்க," என்றாள். அவர் பொடி அரைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "ஹோக்லி பிடிம்மா," என்று கன்னடத்தில், போனால் போகட்டும் என்பதுபோல் கையை வீசிவிட்டுச் சிரித்தார். "புளியங்கொட்டை இன்னா விலைன்னாவது தெரியுமா உனக்கு?" வழக்கமாக வாங்குவதைவிட இரண்டு மடங்கு வாங்கிக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை சுப்ரியா வந்தாள். சுவரில் சாய்த்திருந்த மூன்று பலகைகளையும் பார்த்தாள், பின்னால் தள்ளி நின்று பார்த்தாள், இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். கடைசியில், "அங்கிள், இதுல எது முதல்ல பண்ணது?" என்று கேட்டாள். உத்தமன் காதைச் சொறிந்துகொண்டு, "எனக்கும் தெரியலம்மா," என்றார். அந்தப் பதிலைச் சொல்லத்தான் அவர் பிறந்தாற்போலிருந்தது.

"நான் மேனேஜ்மெண்ட்கிட்டப் பேசறேன். என் முன்னாடி ஒண்ணு ஓட்டிக் காட்டறீங்களா?"

சாந்தகுமாரி காபி கொண்டுவந்து கொடுத்தாள். சுப்ரியா ஒரு வாய் குடித்தாள், புருவம் லேசாக ஏறிற்று. "ஆன்ட்டி, காபி கொஞ்சம்… பொடி மாத்திட்டீங்களா?"

"பொடி தங்கமான பொடி," என்றாள் சாந்தகுமாரி. "தண்ணிதான் சரியில்ல. தப்பா நினைச்சுக்காதம்மா." உத்தமன் தம்ளரோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது.

அப்போது கூடத்தில் ஃபோன் அடித்தது. போய் எடுத்தாள். ஓசூரிலிருந்து தேசிகன். என்னதான் முடிவு பண்ணியிருக்கிறான், ஒன்றாம் தேதிக்கு ஆள் வேண்டுமே என்றார்.

ஜன்னல் வழியாகப் பின்கட்டு தெரிந்தது. உத்தமன் குடத்தைக் கவிழ்த்து, அடியில் தங்கியிருந்த கடைசித் தண்ணீரைச் சாயத்தில் விட்டுக் கலக்கினார். பொத்தானை அமுக்கினார்.

"அவரு வேலையில இருக்காருங்க," என்றாள் சாந்தகுமாரி.

மேசை மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. நீலம் ஓரத்தை நோக்கி ஓடியது. அவள் ரிசீவரைக் காதில் வைத்தபடியே, வெள்ளை விரியப்போகும் மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.