வெறும் பேனா

அந்தக் காய்ச்சல் எங்கள் இருவரையும் ஒரே வாரத்தில் பிடித்தது. லேத் பட்டறையில் காலமெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிய என் வீட்டுக்காரரைக் கொண்டுபோய்விட்டது. என்னிடம் மூக்கை மட்டும் பிடுங்கிக்கொண்டு, பிழைத்துப் போ என்று விட்டுவிட்டது. இதில் என்ன நியாயம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவர் கடைசியாகக் கழற்றிய சட்டை கதவுக்குப் பின்னால் தொங்கியது. இயந்திர எண்ணெய், வியர்வை, மலிவான ஷேவிங் க்ரீம். "முதல்ல குளிச்சுட்டு வாங்க, குடலைப் புரட்டுது" என்று தினமும் கத்தியவள் நான்தான். இப்போது முகர்ந்தால் காகிதத்தை முகர்ந்த மாதிரி இருந்தது. இருக்கிற வாசனையாவது ஓடிப்போகாமல் இருக்கட்டும் என்று அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டு, அலமாரியில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

அந்தச் சட்டைக்காகத்தான், போன வாசனையைத் திரும்பக் கொண்டுவருமா என்று ஆஸ்பத்திரியில் நடத்திய மருந்து ஆய்வில் சேர்ந்தேன். மூக்கில் அடித்துக்கொள்ளும் ஸ்பிரே. "பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாதுங்க" என்றாள் நர்ஸ். நல்ல கூத்து. வீட்டில் சென்ட், வாசனை சோப்பு எதுவும் கூடாதாம். வாசனையில்லாத சோப்புத்தூளை அவர்களே கொடுத்தார்கள். நான் தையல் கடைக்குப் போயிருந்த நேரத்தில் என் தங்கை வந்து, திரைச்சீலை, போர்வை என்று வீட்டையே அந்தத் தூளில் அலசிப் போட்டுவிட்டுப் போனாள். அவளுக்குக் கை சும்மா இருக்காது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் நர்ஸ் மைக்குப் பதில் வாசனை அடைத்த பேனாக்களை ஒவ்வொன்றாக என் மூக்கடியில் நீட்டுவாள். எலுமிச்சையா, சோப்பா, மீனா, ரப்பரா? தெரியாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நானும் குத்துமதிப்பாக அடித்துவிடுவேன்.

கடைசிப் பரிசோதனைக்கு முந்தின நாள் அடுப்பில் பால் தீய்ந்தது. தீய்ந்த வாடை! அடுப்பை அணைத்த கையோடு அலமாரிக்கு ஓடினேன். முடிச்சு இழுத்ததுமே அவிழ்ந்துகொண்டது. விளக்கைக்கூடப் போடாமல் சட்டையில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தேன். ஒன்றுமில்லை. காலர், அக்குள், பாக்கெட், எங்கும் ஒன்றுமில்லை. பால் வாடை வெறும் பிரமை, எனக்கு வாய்த்தது உப்புத் தண்ணீர்தான் என்று தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். என்னவென்று கேட்க வீட்டில் யாரும் இல்லை.

மறுநாள் வேண்டாவெறுப்பாகப் போனேன். நீட்டிய பேனாக்களுக்கெல்லாம் வாயில் வந்ததைச் சொன்னேன். ஒன்றில் மட்டும் எரிச்சல் வந்துவிட்டது.

"இதுல ஒண்ணுமே இல்லம்மா."

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"இல்லாததை எப்படிச் சொல்றது? நேத்து வீட்லயும் இப்படித்தான். சுத்தமா ஒண்ணுமில்ல."

அவள் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தாள். "அது வெறும் பேனாதாங்க. இத்தனை நாளா அதுக்கும் மீனு, ரப்பர்னு சொல்லிட்டிருந்தீங்க. இன்னிக்கு மத்ததும் முக்கால்வாசி சரி. உங்களுக்கு வாசனை வந்துடுச்சுங்க!"

அப்படியானால் சட்டை? வெளியே வந்து தங்கைக்குப் போன் போட்டேன்.

"அலமாரியில ஒரு கவர் இருந்துச்சே..."

"மாமா சட்டைதானே? ஒரே எண்ணெய் நாத்தம்க்கா. உன் வைத்தியத்துக்கு இடைஞ்சலாயிடக் கூடாதுன்னு அந்தத் தூளைப் போட்டு ரெண்டு தடவை கசக்கி, காயவெச்சு, அதே கவர்ல வெச்சுட்டேன். நாத்தம் போயிடுச்சுல்ல?"

அவளைத் திட்ட வாயைத் திறந்தேன். எதைச் சொல்லித் திட்டுவது?

"போயிடுச்சுடி" என்றேன்.

பஸ்ஸில் டீசல், ஈரக் குடை, பக்கத்துப் பெண்ணின் தலையெண்ணெய், யாரோ உரித்த ஆரஞ்சு என்று எல்லாம் ஒன்றாக வந்து மோதின. கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டேன்.