தையல் மெஷினுக்கு மட்டும் குரலில்லை

நமுனுகுல மலையடித் தேயிலைத் தோட்டத்தில் சங்கத் தலைவர் சின்னராசாவுக்கு இரவல் கொடுத்த பொருளும் சுடுகாட்டுக்குப் போன ஆளும் ஒன்று. இரண்டும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. சங்கக் கூட்டம் என்று நாற்காலி வாங்குவார். மகள் கலியாணம் என்று அண்டா வாங்குவார். ஒரு தடவை, புதிதாக வாங்கிய டிவிப் பெட்டியை லொறியிலிருந்து இறக்கி வீட்டுக்குக் கொண்டுபோக, வேதக்கோயிலில் சவம் தூக்கும் தூம்பாவை வாங்கிப்போனார். பெட்டி உள்ளே போனது, தூம்பாவும் கூடவே போனது. அதற்குப் பிறகு தோட்டத்தில் செத்தவர்களை தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டுக் கதவைக் கழற்றி அதில் கிடத்தித்தான் கொண்டுபோனார்கள். கதவு போன ஒற்றையறைக் காம்பிராவில் பனி தாங்காமல் இன்னொருவர் சாவார். அவருக்கு அடுத்த வீட்டுக் கதவு.

மேதினப் பேச்சில் சொற்கள் திருத்தமாக விழவேண்டும் என்று பிலிப்புவின் பல்செட்டை ஒரு மணி நேரத்துக்கு வாங்கியதும் அவர்தான். யாருக்குச் செய்த பல் யார் வாயில் பொருந்தும் என்று கேட்கக்கூடாது. தலைவர் வாய்க்கு எல்லாம் பொருந்தும். பேச்சு பிரமாதமாக அமைந்தது. பிலிப்பு அன்றிலிருந்து ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறப்போட்டுத் தின்கிறார்.

யாரும் திருப்பிக் கேட்கவில்லை. லயத்தில் கொடுத்ததைக் கேட்டு வாங்குவது கௌரவக் குறைச்சல். வாங்கியவரே கொண்டுவந்து வாசலில் வைக்கவேண்டும். மிஞ்சிப்போனால் அவர் வீட்டு வேலியோரம் நின்று மழையைப் பற்றிப் பேசிவிட்டு வரலாம். தலைவரோடு மழையைப் பற்றிப் பேசாத குடும்பமே தோட்டத்தில் இல்லை.

கேட்டவள் நேசராணி ஒருத்திதான்.

புருஷன் செத்தபின் அவள் பள்ளிக்கூடச் சட்டை தைத்துப் பிழைத்தது ஒரு கால்மெஷினை வைத்துத்தான். பெண்களுக்குப் பயிற்சி வகுப்பு என்று சொல்லி அதையும் தலைவர் தூக்கிப்போனார். வகுப்பு நடக்கவேயில்லை. மெஷின் அவர் வீட்டு ஹோலில் பூச்சாடி தாங்கி நின்றது. கோயில் திருநாளன்று, சனமெல்லாம் கூடி நின்ற இடத்தில், நேசராணி கேட்டேவிட்டாள். தலைவர் கோபப்படவில்லை. அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பதுபோல நின்றார்.

"பாவம். புருசன் போனதுலருந்து இப்படித்தான். புத்தி சரியில்ல. அந்த மெஷின் எங்க வீட்டுக்காரி சீதனமா கொண்டாந்ததும்மா."

சனம் தலையாட்டியது. அவளை நம்பினால் தங்கள் அண்டாவைப் பற்றியும் வாய் திறக்கவேண்டி வரும். அதைவிட அவளுக்குப் பைத்தியம் என்று வைத்துக்கொள்வது சுகம். அன்றிலிருந்து அவள் பெயர் மெஷினக்கா. பெரட்டுக் களத்தில் காலையில் ஆள் கணக்கு எடுக்கும்போதுகூட யாராவது வாயால் கடகடவென்று மெஷின் ஓட்டிக் காட்டுவார்கள்.

நேசராணி மறுபடி கூடையை முதுகில் மாட்டிக் கொழுந்து பறிக்கப் போனாள். ஆனால் அவளுக்கு இப்போது வேண்டியது மெஷின் அல்ல. பொய் சொன்ன அந்த வாயே உண்மையைச் சொல்லவேண்டும். கேட்டுத் தலையாட்டிய அந்தக் காதுகளே அதைக் கேட்கவேண்டும். அதற்காக அவள் ஒவ்வொரு ஞாயிறும் மெழுகுதிரி கொளுத்தினாள். மாதா இதற்கெல்லாம் உதவமாட்டாள் என்று தெரிந்தும் கொளுத்தினாள்.

உதவி முஹ்ஸினா டீச்சர் வடிவில் வந்தது. பதுளை பஜாரில் கடை வைத்திருக்கும் நௌபர் முதலாளியின் மகள், தோட்டப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிப்பவள். அபாயாவின் ஓரம் பிரிந்திருந்தது, தைக்கக் கொண்டுவந்தாள். நேசராணி கையூசியால் தைக்கத் தைக்க, டீச்சர் தன் கஷ்டத்தைச் சொன்னாள்.

"பிள்ளைகள மியூசியத்துக்குக் கூட்டிப்போகச் சொல்றாங்க அக்கா. பஸ்ஸுக்கு எங்க போறது? அதுக்காக இப்ப ஒரு ஆப் குடுத்திருக்காங்க. ஊருக்குள்ளயே பழைய சாமான் இருக்கிற வீடொன்ட மியூசியமா ஆக்கலாம். சாமானுக்குப் பக்கத்துச் சுவத்துல இந்தச் சதுர ஸ்டிக்கர ஒட்டி, கதைய போன்ல பேசி ஏத்தணும். பிள்ளைகள் போனக் காட்டினா சாமான் பேசும்."

ஊசி நின்றது. "என்னா பேசும்?"

"நாங்க ஏத்தினத."

"அப்ப தலைவர் வீட்டுக்குப் போங்க டீச்சர். எல்லார் வீட்டுச் சாமானும் அங்கதான் இருக்கு."

 டீச்சர் குரலைத் தாழ்த்தினாள்: "எங்க வாப்பாட பெரிய தராசும் அங்கதான் இருக்கு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அபாயா ஓரம் அன்று தைத்து முடியவில்லை.

மறுநாள் நேசராணி தலைவர் வீட்டு விறாந்தையில் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். "மன்னிச்சிருங்க தலைவரே. புத்தி தெளிஞ்சிருச்சு. மெஷின் உங்க வீட்டம்மாவோடதுதான்." தலைவர் பெரிய மனதோடு மன்னித்தார். அவள் பின்னால் நின்ற டீச்சர், "உங்கட வீட்ட மியூசியமாக்கக் குடுத்தா பிள்ளைகள் காலத்துக்கும் உங்கட பேரச் சொல்லும்" என்றதும், அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே ஸ்டிக்கர் ஒட்டக் கிளம்பிவிட்டார்.

கதைகளும் அவரே சொன்னார். தூம்பா, முதல் வெள்ளைக்காரத் துரைசானி பதுளைக்குப் போய்வந்த பல்லக்கு. பல்செட், துரையுடையது, சிறுத்தையைக் கடித்துக் கொன்றபோது அணிந்திருந்தது. நௌபர் முதலாளியின் தராசு, யானைத் தந்தம் நிறுத்தது. எல்லாவற்றுக்கும் முதலில், வாசலில் மாட்டிய அவர் படம். அதற்கு அவருடைய வாழ்க்கை வரலாறு. ஏற்றி முடித்த நாளிலிருந்து தினமும் காலையில் செய்திக்குப் பதிலாக அதைக் கேட்டார். கேட்டு முடிக்கவே மத்தியானம் ஆகிவிடும். இரண்டாவது பொருளைக் கேட்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அதைத்தான் நேசராணி எதிர்பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் டீச்சரும் போனைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாக ஏறினார்கள். முதலில் எல்லோரும் பின்வாங்கினார்கள்.

"கேட்டு வாங்குறது நல்லா இருக்காதே நேசராணி."

"கேக்க வேணாம். குடுத்த கதைய இந்தப் போன்கிட்ட சொல்லுங்க, போதும்."

அதில் கௌரவக் குறைச்சல் இல்லை என்று தெரிந்ததும் மடை உடைந்தது. அண்டா கொடுத்த விஜயலெட்சுமி சொல்லச் சொல்ல போன் சூடேறி, அடுப்படியை விட்டு வெளியே கொண்டுபோய் ஆறவைக்க வேண்டியிருந்தது. தலைவரின் கதைகளை டீச்சர் ஒவ்வொன்றாக அழித்து இவற்றை ஏற்றினாள். வாழ்க்கை வரலாற்றை மட்டும் தொடவில்லை.

திறப்பு விழாவுக்குப் பிள்ளைகள், பெற்றோர், கல்விக் கந்தோர் அதிகாரி றில்வான் சேர் எல்லோரும் வந்திருந்தார்கள். ரிப்பன் வெட்டிவிட்டுத் தலைவர் பேசினார்: "இங்க இருக்கிற எதுவுமே என்னோடது இல்ல. எல்லாம் மக்கள் சொத்து!" கைதட்டல் வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு பிள்ளை அண்டாவின் முன்னால் போனைக் காட்டியது.

"நான் விஜயலெட்சுமி. இந்த அண்டா எங்க ஆயி ஊருலருந்து தலையில சுமந்து கொண்டாந்தது. தலைவரு மக கலியாணத்துக்கு வாங்கிட்டுப் போனாரு. அந்த மகளோட மகளே இப்ப வயசுக்கு வந்திருச்சு. அண்டா வரல."

இன்னொரு பிள்ளை பல்செட்டுக்குக் காட்டியது. கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து பிலிப்புவின் பொக்கைக் குரல் வந்தது. ஒரு வார்த்தை விளங்கவில்லை. அதனாலேயே எல்லோருக்கும் எல்லாம் விளங்கியது. தூம்பா, கதவில் போனவர்களின் பெயர்களை வேதக்கோயில் உபதேசியார் குரலில் வாசித்தது. தராசு நௌபர் முதலாளியின் குரலில் அல்லாஹ்வைச் சாட்சிக்கு அழைத்தது. பிள்ளைகள் நூறு போனை ஒன்றாக நீட்ட, வீடே பழைய கடன்காரர்களின் சந்தைபோல இரைந்தது. சத்தத்தில் இரண்டு கூரைத் தகடு கழன்று பள்ளத்துத் தேயிலைக்குள் போய் விழுந்தன.

"நிப்பாட்டுங்கடா! யாருடா இத செஞ்சது?" தலைவர் வாசலுக்கும் அடுப்படிக்கும் ஓடினார்.

அப்போதுதான் றில்வான் சேர் வந்து அவர் கையைப் பிடித்தார். மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது.

"தலைவர், நான் எத்தனையோ மியூசியம் பார்த்திருக்கேன். எங்கயும் தாங்க எடுத்த சாமான்ட உண்மைக் கதைய இப்படிச் சொன்னதில்ல. சொந்தக்காரங்கட குரல்லயே! ஊர் முன்னால உங்கட பிழைய நீங்களே வெளியில வைக்கிறதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும்!"

தலைவர் வாயைத் திறந்தார். இல்லை என்றால் திருடன்; ஆமாம் என்றால் மகான். அவர் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

"சேர், இது மட்டும் பேசலையே" என்றாள் ஒரு சிறுமி. தையல் மெஷினின் முன்னால் போனை நீட்டிக்கொண்டிருந்தாள். திரையில், குரலில்லை, பதிவுசெய்ய அழுத்தவும் என்று வந்தது.

கூட்டம் விலகி வழிவிட, நேசராணி முன்னால் வந்தாள். டீச்சரின் போனைத் தலைவரின் வாய்க்கருகே பிடித்தாள்.

"இதுக்கு நீங்கதான் பேசணும் தலைவரே. நான் பேசினா பைத்தியம் பேசுதும்பாங்க."

"உள்ள வா நேசராணி, பேசித் தீர்த்துக்குவோம்" என்றார் தலைவர் பல்லிடுக்கில்.

"உள்ள சிக்னல் இல்லங்க."

றில்வான் சேர் பிள்ளைகளை அமைதியாக இருக்கச் சொன்னார். தலைவர் தொண்டையைக் கனைத்தார். "இந்த மெஷின் நேசராணியோடது."

"எப்படி இங்க வந்துச்சுன்னு சொல்லணும். பிள்ளைகளுக்கு வரலாறு வெளங்கணுமே."

"வகுப்புக்குன்னு வாங்கினேன்."

"அப்புறம்?"

"திருப்பிக் குடுக்கல."

"திருநாளன்னிக்கு நான் கேட்டப்ப என்னா சொன்னீங்க?"

தலைவர் கூரையைப் பார்த்தார். தகடு போன இடத்தில் வானம் தெரிந்தது. அடுப்படிக் கதவில் நின்ற அவர் மனைவி, "சொல்லித் தொலைங்களேன், எனக்கே வருசக்கணக்கா வயித்துல கல்லுமாதிரி கெடக்குது" என்றாள்.

"புத்தி சரியில்லன்னு சொன்னேன். அது... பொய்."

நேசராணி போனைக் காதில் வைத்துக் கேட்டாள். "நடுவுல இருமிட்டீங்க. முதல்லருந்து சொல்லுங்க."

அவர் முதலிலிருந்து சொன்னார். 'பொய்' சரியாகக் கேட்கவில்லை என்றாள். மறுபடி சொன்னார். பெரட்டுக் களத்தில் வாயால் மெஷின் ஓட்டியவர்களைப் பார்த்து, "பின்னால நிக்கிறவங்களுக்குக் கேட்டுச்சா?" என்றாள். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். "கேக்கலியாம் தலைவரே." அவர் மேடைக்குரலில் சொன்னார். அந்தத் தடவை மலையே அதைத் திருப்பிச் சொன்னது. மலை சொன்னதையும் சேர்த்துத்தான் நேசராணி பதிவை நிறுத்தினாள்.

சாயங்காலத்துக்குள் வீடு காலியாகிவிட்டது. யாரும் திருப்பிக் கேட்கவில்லை. மக்கள் சொத்தை மக்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். சுவர்களில் ஸ்டிக்கர் மட்டும் மிஞ்சியது. ஆனால் றில்வான் சேர், ஊவா மாகாணம் முழுக்க இந்த மியூசியத்துக்குச் சிபாரிசு எழுதிவிட்டார். ஹல்துமுல்லையிலிருந்தெல்லாம் பள்ளிக்கூடங்கள் வந்தன. வெறும் ஹோலில், மெஷின் நின்ற இடத்துச் சுவருக்குப் போனைக் காட்டி, தலைவர் தம் வாயால் சொன்னதைக் கேட்டுக் குறிப்பெடுத்தன. அவர் ஸ்டிக்கரைச் சுரண்டிப் பார்த்தார். பிள்ளைகள் ஆப்பில் அந்த ஸ்டிக்கரின் எண்ணை அழுத்திக் கேட்டன. கதவைப் பூட்டிப் பார்த்தார். ரோட்டில் நின்று கேட்டன.

ஒருநாள் முஹ்ஸினா டீச்சர் நேசராணியின் காம்பிராவுக்கு வந்தாள். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, தலைவர் ஆள் அனுப்பியிருக்கார். அந்தக் குரல அழிச்சிடச் சொல்லிக் கெஞ்சுறாராம். மெலிஞ்சும் போயிட்டார். எனக்கும் பாவமா இருக்கு. போதும்தானே? அழிச்சிரவா?"

நேசராணி காலை எடுத்தாள். மெஷின் நின்றது. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு யோசித்தாள்.

"மடுல்சீமைப் பிள்ளைக எப்ப வருதுக?"

"வாற புதன்கிழமை."

"அந்த மோசமான ரோட்டுல அவ்வளவு தூரம் வருதுக, பாவம்" என்றாள் நேசராணி. "அதுகள ஏமாத்தக்கூடாது டீச்சர்."