வெறுங்குழாயில் இருந்தது

1.
இந்தக் கதை என் தங்கையிடமிருந்து எடுத்தது. கல்லுக்குள் வாழும் நுண்ணுயிர்களைத் தேடுவது அவள் வேலை. அப்பா குவாரியில் கல் உடைத்தவர். நான் ஆறு வருடம் கல் சுமந்தேன், பிறகு கதை எழுத வந்தேன். போனில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "மாநாட்டுல என் போஸ்டர் தலைப்பை நானே கோடு போட்டு அடிச்சேண்ணா." மீதியை நச்சரித்து வாங்கினேன்.

2.
முதல் தொடக்கம்: கண்ணாடிக் கூரை வழியே காலை வெயில் மண்டபத்தில் பொன்னாக—

வேண்டாம். வெயிலைப் பொன் என்பவன் வெயிலில் வேலை செய்யாதவன்.

இரண்டாவது: காலை ஒன்பது மணி. ஆய்வை அச்சடித்த பெரிய போஸ்டர் தாளை அவள் மாநாட்டு மண்டபத்துப் பலகையில் குத்தி முடித்தபோது ஆய்வகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது.

இதை வைத்துக்கொள்கிறேன்.

தாளின் தலைப்பு, தரைக்கு அரை கிலோமீட்டர் கீழே எடுத்த பாறையில் உயிர் இருக்கிறது என்றது. இந்தத் தொழிலில் பாறைத்தூள் போட்ட குழாயோடு, தூளே போடாத வெறுங்குழாய் ஒன்றையும் சோதிக்க வேண்டும். மாநாட்டுக்கு எழுதி அனுப்பக் கடைசி நாள் நெருக்கியதால் வெறுங்குழாயை அடுத்த தடவைக்குத் தள்ளிவிட்டாள். அதன் முடிவுதான் இப்போது வந்தது. பாறைத்தூளில் கண்ட அதே கிருமி அதிலும். ஆய்வகத்திலேயே ஒட்டியதாக இருக்கலாம். பாறையிலிருந்து வந்தது என்று இனி வாயைத் திறக்க முடியாது.

பதினோரு மணிக்கு ஓர் ஆய்வுக்குழுத் தலைவர் பார்க்க வருவார். அவரிடம் ஒரு வேலை காலி. தங்கை விண்ணப்பித்திருந்தாள்.

3.
அந்த மாநாட்டில் ஒரு வழக்கம். முதல் தடவை வருபவரின் பெயரட்டையில் பச்சை வட்டம் ஒட்டுவார்கள். பச்சையைப் பார்த்தவர் ஒரு கேள்வியாவது கேட்காமல் தாண்டக்கூடாது. பச்சைக்கு ஒரு துணையும் உண்டு. (பாடம் நடத்த அல்ல, கூட நிற்க.) தங்கைக்கு வாய்த்தவள் அவள் வயசுக்காரி, குளத்துப் பாசியை ஆராய்பவள். எல்லோரும் பாசி என்றே கூப்பிடுவார்கள்.

"ஏய், போஸ்டரை எதுக்குக் கழட்டுறே?"

"வெறுங்குழாய்லயும் அதே கிருமி. எல்லாம் போச்சு."

பாசி மின்னஞ்சலை வாங்கிப் படித்தாள். "சரி, போச்சு. கழட்டிட்டு எங்க போவே?"

"ரூமுக்கு."

"போய்?"

"அழுவேன்."

"அதைச் சாயங்காலம் வெச்சுக்கலாம். பேனா இருக்கா?"

"அவர் வருவாரு, பாசி."

"வரட்டும். தலைப்பை அடிச்சுட்டு உள்ளதை எழுது. நான் பக்கத்துல நிக்கறேன். சீக்கிரம், புதுச் செருப்பு கடிக்குது."

4.
பாசியை நான் நம்பவில்லை. அவளும் அதே வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். வரைவில் அவளைச் சூதுக்காரி ஆக்கினேன்: [பாசியின் உதட்டோரம் ஒரு சிரிப்பு ஓடி—]

தங்கை படித்துவிட்டுப் போனில் கூப்பிட்டாள். "உனக்கு ஏண்ணா இந்தப் புத்தி? அவ நின்னா. அவ்ளோதான்."

கூலி இல்லாமல் ஒருத்தனும் அசைய மாட்டான் என்று எழுதியே பேர் வாங்கியவன் நான். ஆனால் பெரிய கல்லைத் தனியாகத் தலையில் ஏற்ற முடியாது. இன்னொருத்தன் தூக்கிவிட வேண்டும். அதற்கு யாரும் என்னிடம் கூலி கேட்டதில்லை. இதை ஒரு கதையிலும் நான் எழுதவில்லை.

சிரிப்பை எடுத்துவிட்டேன்.

5.
தங்கை தலைப்பின் மேல் பேனாவால் ஒரே கோடு கிழித்தாள். கீழே எழுதினாள்: "வெறுங்குழாயிலும் இதே கிருமி. முடிவு இன்று காலை வந்தது. என் பாறையில் உயிர் உண்டா என்று எனக்குத் தெரியாது."

கதைக்கு முடிவு ஒன்று: அவளுக்கே வேலை. திகட்டுகிறது.

முடிவு இரண்டு: வேலை பாசிக்கு. கசந்தால்தான் உண்மை என்கிற என் பழைய வியாதி.

நடந்தது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால் வேலையைத்தான் பார்ப்பீர்கள், பலகையைப் பார்க்க மாட்டீர்கள்.

மணி பதினொன்று. அந்தத் தலைவரை நான் எழுதவில்லை. அவர் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். எதிரே கோடு கிழித்த தலைப்பு, கீழே பேனா எழுத்து. ஒருத்தி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு நிற்கிறாள். அவள் பக்கத்தில் என் தங்கை. அட்டையில் பச்சை வட்டம்.

சும்மா தாண்டக்கூடாது. கேளுங்கள்.