டிரில் மாஸ்டரின் இருமல்

டிரில் மாஸ்டர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் யாருக்கும் ஓய்வு இல்லாமல் போனது. வெயிலில் பையன்களை ஓடவிட்ட மனுஷன், மனைவியையும் மகளையும் ஓடவிட்டார். பார்க்கின்சன் நோய் வந்து கை நடுங்கியது, கால் தடுமாறியது, குரல் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. அதட்டல் மட்டும் குறையவில்லை. நோய்க்கும் ஓரவஞ்சனை உண்டு போலிருக்கிறது. எடுக்க வேண்டியதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டது.

ஒரே குளிர்காலத்தில் இரண்டு தடவை நிமோனியா வந்தது. மருத்துவமனையில் விழுங்கும் பயிற்சி தருகிற பெண் அவரை மருந்து கலந்த தண்ணீர் குடிக்கவைத்து, அது இறங்குகிற வழியை எக்ஸ்ரே திரையில் பார்த்தாள்.

"தண்ணி தப்பான வழியில போனா நமக்குப் புரை ஏறும், இருமித் தள்ளிடுவோம். சாருக்கு நேரா நுரையீரலுக்குப் போகுது. இருமலே வரலை."

"யாராவது நினைச்சாத்தானேம்மா புரை ஏறும்?" என்றாள் மனைவி.

மகள் அம்மாவின் கையைக் கிள்ளினாள். பயிற்சிப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். ஆறு வாரம் பயிற்சி. அதற்குள் இருமல் வலுத்தால் வாயால் சாப்பிடலாம். வலுக்காவிட்டால் வயிற்றில் ஓட்டை போட்டு, குழாய் வழியாகத்தான் சாப்பாடு.

"குழாய்ல ஊத்த நான் என்ன பூந்தொட்டியா?" என்றார் மாஸ்டர். கோபமாகத்தான் சொன்னார், ஆனால் பயந்துபோயிருந்தார். நடை போச்சு, குரல் போச்சு, நாக்கு ருசி ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

பயிற்சிக்குக் கட்டைவிரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் குழல் கொடுத்தார்கள். உள்ளே ஸ்பிரிங். ஓங்கி ஊதினால் அடைப்பு திறந்து 'புஸ்' என்று காற்று வெளியேறும். நுனியிலுள்ள திருகை வலப்பக்கம் திருப்பினால் ஸ்பிரிங் இறுகும். வாரம் ஒரு சுற்று இறுக்க வேண்டும். ஊதி முடித்ததும் மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து இரும வேண்டும். மாஸ்டரின் விரலுக்குத் திருகு பிடிபடவில்லை. அந்த வேலை மனைவியுடையது.

முதல் நாள் கன்னம் உப்பியதுதான் மிச்சம், அடைப்பு திறக்கவில்லை. மனைவி கோணலாகப் பிடித்தாள் என்றார். மறுபடி ஊதினார். திறக்கவில்லை. குழலைப் பிடுங்கி அவள் முகத்தில் வீசினார். மூக்குக் கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது. கரண்டி தூக்க வராத கைக்கு அந்த பலம் எங்கிருந்து வந்ததோ. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். இந்த வீட்டில் அது அடித்ததோடு சரி.

அவரை ஜெயிக்க விடுவது அந்த வீட்டின் பழைய வழக்கம். கேரமில் தோற்றால் பலகை பறக்கும், சீட்டில் தோற்றால் சாப்பாட்டுத் தட்டு பறக்கும். அதனால் மகள் குழந்தையிலேயே குழிக்குப் பக்கத்தில் நிற்கிற காயைக்கூடத் தவறவிடக் கற்றுக்கொண்டாள். மறுநாள் காலை, புருவத்தில் பிளாஸ்திரியோடு, மனைவி திருகை இடப்பக்கம் திருப்பினாள்.

'புஸ்.'

"பாத்தியா! இதாண்டி பயிற்சி!" என்று மாஸ்டர் தொடையைத் தட்டிக்கொண்டார்.

வாரம் பிறந்தால், "இன்னும் ஒரு சுத்து இறுக்கு" என்று அவரே ஆணையிடுவார். அவள் பணிவாக இன்னும் ஒரு சுற்று தளர்த்துவாள். பயிற்சிப் பெண் போனில் விசாரித்தபோது, "இந்தக் குழல் எனக்குப் பத்தலை, பெருசா ஏதாவது இருந்தா அனுப்பு" என்றார்.

"அம்மா, இது தப்பு. கடைசியில பரிட்சை இருக்கு," என்றாள் மகள் சமையலறையில்.

"அதுவரைக்கும் என் இன்னொரு புருவம் இருக்கணும்ல?"

விளைவு என்னவென்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் திருப்பினாள், திருப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பரிட்சை நாளில் மாஸ்டர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். முகமூடியை மாட்டி, மீட்டரைப் பார்த்து இருமச் சொன்னார்கள். முள் சிவப்புக் கோட்டைத் தாண்ட வேண்டும். அது கொஞ்சம் எழுந்து, படுத்துக்கொண்டது. மூன்று தடவையும் அதே கதை. முதலில் இருந்த அளவுகூட இல்லை.

பயிற்சிப் பெண் குழலை வாங்கித் திருகிப் பார்த்தாள். "இது முழுசா தளர்ந்து கிடக்கே. யாரு திருப்பினது?"

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். எடையே இல்லாத கட்டையைத் தூக்கினால் புஜம் வளராது என்று ஆயிரம் பையன்களுக்குச் சொன்னவர். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"ஏண்டி?"

"நீங்க தோத்தா யாருங்க தாங்குறது?"

அவர் பயிற்சிப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டார். "இன்னொரு ஆறு வாரம் குடும்மா. நானே பாத்துக்கறேன்."

"நெஞ்சுல மறுபடி சளி கட்டியிருக்கு சார். இன்னொரு தடவை நிமோனியா வந்தா தாங்க மாட்டீங்க. குழாய் வைக்க டாக்டர் தேதி குறிச்சுட்டார்."

குழாய் வைத்து வீட்டுக்கு வந்த பிறகும் மாஸ்டர் சாப்பாட்டு மேஜையின் தலைப்பக்கத்தில்தான் உட்கார்ந்தார். மனைவி அளவு பார்த்துப் பால் நிறத் திரவத்தைக் குழாயில் ஊற்றி, மூடியைச் சரியாகப் போட்டாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பிறகு எதிரே உட்கார்ந்து தனக்குப் பரிமாறிக்கொண்டாள். அவருக்கு முன்னால் அவள் சூடாகச் சாப்பிடுவது அதுதான் முதல் தடவை. ஆவி அவர் முகம்வரை போனது.

"ஒரு வாய்," என்றார்.

அவள் மென்றுகொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு வாய் குடு. எனக்கு இப்ப நல்லா வருது. இருமிக் காட்டட்டுமா?"

"காட்டுங்க."

மேஜையைப் பிடித்துக்கொண்டு, தோளைத் தூக்கி, இருந்த மூச்சையெல்லாம் கூட்டி இருமினார். அடுத்த அறைக்குக்கூடக் கேட்டிருக்காது. எச்சில் முகவாயில் வழிந்தது. அவள் எழுந்து வந்து அதைத் துடைத்துவிட்டாள்.

"பிரமாதங்க. நீங்கதான் ஜெயிச்சீங்க," என்று சொல்லிவிட்டு, தட்டு ஆறுவதற்குள் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள்.