மூட்டைகள் மட்டும் நகரவில்லை

அப்பா இறந்த பதினேழாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, அம்மாவின் தையல் மெஷின் மாடியிலிருந்து தானே படியிறங்கி, சாலையில் இரண்டு பேருந்துகளுக்கு வழிவிட்டு, எதிர்ச்சாரியில் இருந்த இளைய மகளின் வீட்டு வாசலில் போய் நின்றது. மறுநாள் நிலைக்கண்ணாடி போயிற்று. அதற்கு மறுநாள் இரட்டைக் கட்டில்; படி திரும்பும் இடத்தில் மட்டும் கொஞ்சம் திணறியது. அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலி, அவள் தண்ணீர் குடிக்க எழுந்த நேரம் பார்த்துக் கிளம்பியது. தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டில் தன் தராசை இடித்துவிட்டது என்று மளிகைக்காரர் மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்.

பொறுக்க முடியாமல் போனது மூத்தவளுக்குத்தான். ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கு இருபத்திரண்டு வருஷமாக அவள் பொறுப்பு. அம்மா இனி தன் வீட்டில் ஓர் அறையில் இருக்கட்டும் என்று சொன்னவளும், அப்பாவும் அம்மாவும் இருந்த பெரிய வீட்டை ஒழித்துக்கொடுக்கப் பத்து நாள் லீவு போட்டவளும் அவளே. பெட்டிகளில் ‘வைக்க’, ‘கொடுக்க’, ‘தூக்கிப்போட’ என்று எழுதி ஒட்டினாள். தூசியில் தும்மித் தும்மி மூக்குச் சிவந்தாள். முடிதிருத்தும் கடை வைத்திருந்த இளையவளோ ஒரு துரும்பைக்கூட எடுத்துப்போட வரவில்லை. சாமான்கள் அவளைத்தான் தேடிப்போயின. மூத்தவள் அலமாரியை ஜன்னல் கம்பியோடு கட்டிவைத்தாள். அது கயிற்றை வால்போல இழுத்துக்கொண்டு போயிற்று. வயிறெரிந்து போனை எடுத்தாள்.

“ஏண்டி, என்ன சொக்குப்பொடி போட்ட?”

“நான் என்னக்கா பண்ணேன்? அலமாரி வந்து நின்னுச்சு, கதவத் தொறந்தேன்.”

“அலமாரி வந்தா தொறந்துடுவியா?”

“பின்ன? வெயில்ல நிக்குதே, பாவம்!”

அலமாரிக்கு மூத்தவள் ஆசைப்படவில்லை. ஒரே ஒரு பொருள், ஒரு கரண்டியாவது, தன் பக்கம் திரும்பி நடக்காதா என்றுதான் பார்த்தாள். கரண்டிகள் எட்டாம் நாள் கலகலவென்று பேசிக்கொண்டே எதிர்வீட்டுக்குப் போயின.

பத்தாம் நாள் மிஞ்சியவை, ‘தூக்கிப்போட’ மூலையில் கிடந்த மூன்று மூட்டைகள். ஆஸ்பத்திரியில், நோயாளிக்கு இனி விரிக்கக்கூடாத துணியின் முனையில் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். முடிச்சைப் பார்த்தால் கழித்துவிட வேண்டியது. அந்தப் பழக்கத்தில், அம்மாவின் கைக்குட்டை, துண்டு, தலையணையுறை என்று முனையில் முடிச்சிருந்த அத்தனையையும் பிரித்துக்கூடப் பார்க்காமல் மூட்டை கட்டியிருந்தாள். பழைய துணிக்காரர் வந்து தூக்கிப்பார்த்தார். அசையவில்லை. “உள்ள என்னம்மா, பாறாங்கல்லா?” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

வெறுந்தரையில் உட்கார்ந்திருந்த அம்மா சிரித்தாள். “அதெல்லாம் நீதாண்டி.”

“எதெல்லாம்?”

“உன் தங்கச்சி சின்னதுலேயே வீட்டுச் சாமானை ஒவ்வொண்ணாத் தொட்டு, ‘இது எனக்குத்தானே’ன்னு கேட்டு வச்சுட்டா. அதுங்க வாக்குத் தவறல. நீ என்னிக்கு வாயத் தொறந்து கேட்ட? உன் பரீட்சை, உன் ஜுரம், உன் பிரசவத் தேதி, எல்லாம் நானாத்தானே ஞாபகம் வச்சுக்கணும்? மறந்துடக்கூடாதேன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு முடிச்சு.”

“அவளுக்கு எத்தனை போட்ட?”

“அவ எங்கடி மறக்க விட்டா!”

மூத்தவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். மூன்று மூட்டைகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, இரண்டு தெரு தள்ளியிருந்த அவள் வீடுவரை பின்னாலேயே வந்தன.

ஒன்பது வருஷம் கழித்து அம்மாவும் போனாள். அதற்குள் இளையவள் வீட்டில் சாமான் நிரம்பி, அவள் ஜன்னல் வழியாகப் போய்வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் காலை அக்கா வீட்டுக்கு வந்து, அடுக்கியிருந்த முடிச்சுகளையே வெகுநேரம் பார்த்தாள்.

“ஒரே ஒரு முடிச்சு குடேன்க்கா. உனக்குத்தான் இத்தனை இருக்கே.”

“அதுக்கென்ன? நடந்து வந்தா கூட்டிட்டுப் போ.”

மூத்தவள் வாசற்கதவை அகலத் திறந்துவைத்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து காத்திருந்தார்கள். சாயங்காலம்வரை ஒரு கைக்குட்டைகூட அசையவில்லை.