ஒரு சொல்லுக்கு நூறு ஆட்டம்

சாய்ந்தமருதுக் கடற்கரையில் வாப்பாவின் தம்பி சாச்சா பழைய மீன்வலையை மடித்து இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஓர் ஊஞ்சல் கட்டினார். படுத்தால் வலை நம்மை அப்படியே பொதிந்துகொள்ளும். அதில் ஏற சாச்சாவின் மகள் நிப்லா ஒரு சட்டம் போட்டாள். வேறொரு பாஷையில் இதற்கு என்ன பேர் என்று கொண்டுவர வேண்டும். ஒரு சொல்லுக்கு நூறு ஆட்டம். ஃபோனில் தேடக்கூடாது, அந்தப் பாஷைக்காரரின் வாயாலேயே கேட்க வேண்டும்.

அவளுடைய தம்பி அக்ரம் வெள்ளைக்காரர் சுற்றுலா வரும் அறுகம்பேக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். ஒல்லாந்துக்காரியிடம் ‘ஹாங்மாட்’, ஸ்பானியனிடம் ‘அமாக்கா’ என்று வாங்கி வந்தான். ஒன்றை ராத்தா நிப்லாவுக்குக் கொடுத்தான். மூன்று கிழமையாக இருவரும் மாறி மாறிப் படுத்தார்கள். கயிற்றை இழுத்து ஆட்டியது நான்.

“எனக்கும் ஒருக்கா விடுகா.”

“சொல் எங்க?” என்றாள் நிப்லா. “பள்ளிக்கூடத்தையும் பாதியில விட்டுட்டுக் கதவுக்குப் பின்னால நிக்கிற உனக்கு ஆருகா சொல்லித் தாற?”

“அவ தமிழையே கிழமைக்கு நாலு சொல்லுத்தான் செலவழிப்பா,” என்றான் அக்ரம்.

காது சுட்டது. உம்மாவின் ஃபோனை எடுத்துவந்து, ஊஞ்சலடியில் நின்றே, கட்டாரில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் என் அண்ணன் நஸீம் நானாவை வீடியோவில் அழைத்தேன். என் முகத்தைக் கண்டதும் அவர் பதறிப்போனார்.

“அல்லாஹ்வே! ஆர் மௌத்து?”

“ஒருத்தரும் மௌத்தில்ல நானா. எல்லாரும் உசிரோட இரிக்காங்க.”

“அப்ப நீ ஏன்கா கதைக்கிறாய்?”

விஷயத்தைச் சொன்னேன். நானாவுக்கு விளங்கியது, கூட நின்றவர்களுக்கு விளங்கவில்லை. ஒரு மேசை விரிப்பை இரண்டு பேரிடம் பிடிக்கக் கொடுத்து, நடுவில் தானே படுத்தார். சர்ரென்று கிழிந்தது. நானா தரையில். சமையலறையே சிரித்தது.

“துயான்!” என்று கத்தினார் பிலிப்பைன்ஸ்காரர்.

“வோங்!” என்றார் சட்டி கழுவும் வியட்நாம்காரர்.

“ஹமாக்!” என்றார் ரொட்டி போடும் துருக்கிக்காரர்.

“அது இங்கிலீஷ் மாதிரி இரிக்கி. செல்லாது,” என்றான் அக்ரம். துருக்கிக்காரருக்கு என்ன விளங்கியதோ, உருட்டுக்கட்டையை உயர்த்தி இன்னும் மூன்று முறை சொன்னார். செல்லும் என்று அக்ரமே ஒப்புக்கொண்டான்.

கடைசியாகப் பிரேசில்காரர். “ஹெஜி,” என்றவர், கையால் வலை வீசி மீன் இழுத்துக் காட்டினார். அவர் ஊரில் வலைக்கும் அதுதான் பேராம். நான் எங்கள் ஊஞ்சலைத் தூக்கிக் காட்டினேன். மீன்வலை! அவர் விசிலடித்தார்.

நானூறு ஆட்டம். ஏறிப் படுத்து, ஃபோனை வயிற்றில் வைத்துக்கொண்டேன். வானம் வந்து வந்து போனது. இருநூற்றைம்பதில் அக்ரமுக்கு மூச்சு வாங்கியது.

“கை கழண்டு போகுதுகா!”

“எண்ணு!” என்றேன். கடலில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்குமளவுக்கு எனக்குக் குரல் இருந்தது.

முந்நூற்று அறுபதில் நிப்லா கெஞ்சினாள். “பொழுது படுது, மஃரிபுக்குப் பாங்கு சொல்லப் போகுது. மிச்ச நாற்பதையும் எனக்குத் தாகா.”

வயிற்றிலிருந்து நானாவின் குரல் வந்தது. “தங்கச்சி, புதுசா ஒரு கென்யாக்காரன் வந்து நிக்கான். கேக்கட்டா?”

நிப்லா மணலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“நீங்க கேக்க வேணாம்,” என்றேன். “ஃபோன அவர்ட குடுங்க. நான் கதைக்கிறன்.”