உள்ளே ஒருத்தி

குளிர்கிடங்கின் முன்வாசலில் ஒரு ஜன்னல். அதன் பின்னால் உட்கார்ந்திருப்பவளைக் கார்டு அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பட்டாணியும் சோளமும் கல்லாய் உறைந்து கிடக்கும் அறைகளுக்குள் போகிற எவரும் அவளிடம் கார்டை நீட்டித்தான் போக வேண்டும். திரும்பி வரும்போதும் அப்படித்தான்.

கார்டு என்றால் சட்டைப் பையில் அடங்குகிற சாதாரணப் பிளாஸ்டிக் கார்டு. ஆனால் அதன் முகத்தில் காகிதம் மாதிரி வெளுத்த ஒரு சின்னத் திரை. மேசை மேலிருக்கும் பெட்டியின் வாயில் செருகினால் திரை ஒரு தரம் கறுக்கும், ஒரு தரம் வெளுக்கும், பழைய எழுத்து அழிந்து புது எழுத்து வந்து உட்காரும். உருவிய பிறகு பேட்டரியும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். மறுபடி செருகும் வரை எழுதியது எழுதியபடி நிற்கும். போகும்போது ‘உள்ளே’. வரும்போது ‘வெளியே’. உள்ளே எத்தனை பேர் என்ற கணக்கைச் சுவரிலுள்ள பெரிய ஸ்கிரீன் காட்டும். குளிரிலிருந்து வந்த கார்டு சில நேரம் சண்டித்தனம் செய்யும்; பழைய எழுத்தின் சாயல் போகாமல் அப்பிக்கொண்டு நிற்கும். அதனால் பெண்கள் கார்டை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கியபடியே வரிசையில் வருவார்கள். “இருங்கக்கா, அடுப்புல வாட்டி எடுத்துட்டு வரேன்” என்று கேலியும் நடக்கும்.

அவரவர் கார்டை அவரவர் கையால் நீட்ட வேண்டும், முகத்தைப் பார்த்த பிறகே எழுத வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தை ஒரே ஒருத்தி விஷயத்தில் கார்டு அக்கா காற்றில் விட்டிருந்தாள்.

அந்த ஒருத்தி சிட்டு, அவளுடைய நாத்தனார். கணவனின் கடைசித் தங்கை. ஒரே வீட்டில் சாப்பிட்டு ஒரே பஸ்ஸில் வேலைக்கு வந்தவர்கள். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனோடு சிட்டுக்குப் பழக்கம் என்று தெரிந்தபோது கார்டு அக்கா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சோறு பரிமாறும்போது பேச்சுவாக்கில் கணவனிடம் சொல்லிவிட்டாள். வீடு ரெண்டுபட்டது. “நீங்க போட்டுக் குடுப்பீங்கன்னு நான் கனவுலகூட நினைக்கல அண்ணி” என்றாள் சிட்டு. அதுதான் கடைசிப் பேச்சு. காலையில் கூட்டத்தோடு கூட்டமாகக் கார்டைத் தள்ளிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு போவாள். சாயங்காலம் அதுவும் கிடையாது. தன் கார்டை நெட்டையிடம் கொடுத்துவிட்டு, லாரிகள் நிற்கும் பின்பக்க ஷட்டர் வழியாக நழுவிவிடுவாள். நெட்டை என்பது அவளோடு பாக்கெட் கட்டுகிற உயரமான தோழி.

நெட்டை இரண்டு கார்டு நீட்டுவாள். கார்டு அக்கா நிமிராமல் இரண்டிலும் ‘வெளியே’ என்று எழுதுவாள். முகம் பார்க்காமல் இருப்பது அவளுக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

அன்றைக்கும் அப்படியே நடந்தது. நெட்டை இரண்டு கார்டையும் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனாள். சிட்டின் கார்டு ‘வெளியே’ என்று மாறித் தட்டில் விழுந்தது. அடுத்த ஆளின் கார்டை வாங்கும்போது சைரன் அலறியது.

மெஷின் அறையில் குழாய் ஒன்று விட்டுப்போய், குளிரூட்டுகிற அமோனியா வாயு கசிந்தது. மூக்கில் ஊசி குத்தினாற்போல நெடி வந்தது. உள்ளே மிச்சமிருந்தவர்கள் முட்டி மோதிக்கொண்டு ஓடி வந்தார்கள். கார்டுகள் ஜன்னலில் வந்து கொட்டின. கண்ணில் நீர் வழிய வழிய ஒவ்வொன்றாகச் செருகினாள். ஸ்கிரீனில் எண் இறங்கியது. கடைசிக் கார்டை உருவியதும் ஜீரோ; வாசலுக்கு மேல் சுழன்றுகொண்டிருந்த சிவப்பு விளக்கும் நின்றது.

“ஜீரோ!” என்று கத்தினார் பாதுகாப்பு அதிகாரி. “எல்லாரும் வந்தாச்சு. காத்து வர்ற பக்கமா தள்ளிப் போங்க! முன்கதவை மூடி சீல் பண்ணு! நெடி அடங்கத் தண்ணியைத் திற!”

எல்லோரும் எதிர்ப்பக்கத் தெருவுக்கு நகர்ந்தார்கள். கார்டு அக்கா கார்டுத் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, எழுதும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு, முன்கதவுக்கு வெளியே, கணக்கைக் காட்டும் சின்ன ஸ்கிரீனோடு போட்டிருந்த மேசைக்கு வந்தாள். ஆபத்து நேரத்தில் அங்கேதான் அவள் இடம். அப்போது பின்பக்கச் சந்து வழியாக ஒருவன் தலைதெறிக்க ஓடி வந்தான். ஃபோர்க்லிஃப்ட்காரன். இத்தனை நாளும் அவளோடு ஒரு வார்த்தை பேசாதவன், அவள் முன்னால் வந்து மூச்சு வாங்க நின்றான்.

“சிட்டு எங்கங்க?”

“பின்பக்கமா வந்திருப்பாளே. உங்ககூட இல்லையா?”

“நான் வேலை முடிஞ்சு ஷட்டருக்கு வெளியதான் நின்னுட்டிருந்தேன். வரல. சைரன் அடிச்சதும் ஷட்டர் தானா இறங்கிடுச்சு. தட்டிப் பாத்தேன். அந்த இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல.”

கார்டு அக்கா தட்டைத் துழாவிச் சிட்டின் கார்டை எடுத்தாள். பளிச்சென்று, சாயல்கூட இல்லாமல், ‘வெளியே’.

“நெட்டை! ஏய் நெட்டை!” என்று கத்தினாள். நெட்டை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். “சிட்டு உன்கிட்ட கார்டு குடுக்கும்போது எங்க நின்னா?”

“ரெண்டாம் நம்பர் ரூம்லக்கா. ‘நீ முன்னாடி போ, கையுறையைக் காயப் போட்டுட்டு வந்துடறேன்’னா. ஏன்கா?” கேட்டு முடிப்பதற்குள் நெட்டைக்கே புரிந்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிட்டுக்கு ஃபோனைப் போட்டுப் பார்த்தாள் கார்டு அக்கா. எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஃபோன் லாக்கரில் இருக்கும். உள்ளே கொண்டுபோக யாருக்கும் அனுமதி இல்லை. ஒருவேளை ஷட்டர் இறங்குவதற்கு முன்பே இவன் கண்ணில் படாமல் பஸ்ஸுக்குப் போயிருப்பாளோ? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஷட்டரும் அடைத்து முன்கதவும் அடைத்தால் உள்ளே இருப்பது எலிப்பொறிதான். வேறு ஒரு வழி மெஷின் அறையை ஒட்டிப் போகிறது, கசிவே அங்கேதான்.

முன்கதவின் ரப்பர் விளிம்பில் இரண்டு பேர் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

“சார், மூடாதீங்க! உள்ள ஆள் இருக்கு!”

அதிகாரி திரும்பினார். “ஸ்கிரீன் ஜீரோம்மா.”

“இருக்கா சார். என் நாத்தனார். சிட்டு.”

அவர் குனிந்து அவள் கையிலிருந்த கார்டைப் பார்த்தார். “இதுலயே ‘வெளியே’ன்னு இருக்கே. பதட்டப்படாத. எங்கயாச்சும் கூட்டத்துல நிப்பா.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இந்த நெடியில ஆளை அனுப்பறதுன்னா ரெண்டு உயிரைப் பணயம் வைக்கணும். சந்தேகத்துக்கு அனுப்ப முடியாது. புரியுதா?”

புரிந்தது. உள்ளே போகத் தயாராக, மூச்சுக்காற்று சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு நின்ற இருவரையும் பார்த்தாள். ஒருவன் போன மாதம்தான் தன் குழந்தையின் ஃபோட்டோவை ஜன்னலில் காட்டிவிட்டுப் போனவன். சிட்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால், இவனுக்கு உள்ளே ஏதாவது ஆனால்? வாயைத் திறந்தால் வேலை போகும் என்ற நினைப்பும் வந்தது, வராமல் இல்லை. வந்ததற்காக அவளுக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது.

பெட்டியை மேசையில் வைத்துச் சிட்டின் கார்டைச் செருகினாள். அவசரத்தில் முதல் தரம் தலைகீழாகச் செருகிவிட்டாள். இரண்டாம் தரம் திரை கறுத்தது, வெளுத்தது. உருவியபோது ‘உள்ளே’ என்றிருந்தது. வாசலுக்கு மேலிருந்த விளக்கு மறுபடி சிவப்பாகச் சுழல ஆரம்பித்தது. மேசையிலிருந்த சின்ன ஸ்கிரீனில் ஜீரோ போய் ஒன்று வந்தது.

“யாரு மாத்தினது?” அதிகாரி பாய்ந்து வந்தார்.

“நான்தான் சார். முதல்ல எழுதினதுதான் பொய். அவ ஜன்னலுக்கு வரவே இல்ல. முகத்தைப் பாக்காம எழுதினேன். இன்னிக்கு மட்டுமில்ல, தினமும் அப்படித்தான். என்னை அப்புறம் என்ன வேணா செய்யுங்க. இப்பக் கதவைத் திறங்க.”

அவர் அவளை ஒரு கணம் முறைத்தார். திட்டுவதற்கு நேரமில்லை. “டேப்பைக் கிழி!” என்று கத்தினார். “எந்தப் பக்கம் இருப்பா?”

“ஷட்டருக்கு இந்தப்புறம், கையுறை காயப் போடற மூலை சார்!” என்றான் ஃபோர்க்லிஃப்ட்காரன். “இடது சுவரைப் பிடிச்சிட்டே போனா நேரா அங்கதான் போகும். நடுவுல என் வண்டி நிக்குது, இடிச்சுக்காம பாத்துப் போகச் சொல்லுங்க. இல்ல, நானே போறேன்!” கதவை நோக்கி ஓடியவனை நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்தார்கள்.

கதவு திறந்ததும் பொங்கி வந்த வெள்ளைப் புகைக்குள் முகமூடி அணிந்த இருவரும் போனார்கள்.

தண்ணீர் பீய்ச்சும் சத்தம் மட்டும் கேட்டது. நெட்டை தரையில் குந்தி அழுதாள். கார்டு அக்காவுக்கு அழுகை வரவில்லை. வீட்டில் சிட்டு தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போகும்போதெல்லாம், “போனா போறா, பெரிய மகாராணி” என்று தான் முணுமுணுத்தது மட்டும் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

புகைக்குள் ஏதோ அசைந்தது. இருவரும் எதையோ தூக்கிக்கொண்டு வந்தார்கள். நடுவில் தார்ப்பாயில் சிட்டு. முகத்தில் ஈரத் துணியைச் சுற்றியிருந்தாள். இருமினாள். அந்த இருமலைக் கேட்டதும் கார்டு அக்கா தார்ப்பாயை நோக்கி ஓடினாள்.

“கண்ணைக் கழுவு! விடாம ஊத்து!” என்றார் அதிகாரி.

கார்டு அக்கா குழாயை வாங்கிக்கொண்டு சிட்டின் தலையை மடியில் சாய்த்தாள். இமைகள் வீங்கி ஒட்டியிருந்தன.

“திறடி.”

“எரியுது… முடியல… யாரு?”

“நான்தான்டி. திற.”

சிட்டு அந்தக் குரலைக் கேட்டு ஒரு நொடி விறைத்தாள். பிறகு கையை நீட்டித் துழாவி, அண்ணியின் சேலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். “ஷட்டரைத் தட்டித் தட்டிக் கை ஓஞ்சு போச்சு அண்ணி. நான் உள்ள இருக்கறது யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்.”

கார்டு அக்கா தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கண் பிழைக்கும் என்றார்கள். கட்டுப் பிரிக்க நாளாகும். கணவன் பதறியடித்துக்கொண்டு வந்தான். வராந்தா பெஞ்சில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்த ஃபோர்க்லிஃப்ட்காரனைக் கண்டதும் அவன் முகம் இறுகியது.

“இவன் எதுக்கு இங்க?”

“அவ உள்ள மாட்டிக்கிட்டான்னு முதல்ல வந்து சொன்னது அவர்தான்” என்றாள் மனைவி. “நான் அவ வெளிய வந்துட்டான்னு எழுதி வச்சிருந்தேன். அவர் வரலேன்னா கதவை மூடியிருப்பாங்க.” நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கணவன் நின்றபடியே கேட்டான். அவளைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தான். அந்தப் பக்கம் திரும்பி, “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டான். ஃபோர்க்லிஃப்ட்காரன், இல்லை என்று தலையாட்டினான்.

விசாரணையில் கார்டு அக்கா எதையும் மறைக்கவில்லை. ஜன்னல் வேலை போனது. உண்மையைச் சொன்னாள் என்பதற்காக அதிகாரி பரிந்து பேசி, பாக்கெட் கட்டும் பகுதியில் இடம் வாங்கிக் கொடுத்தார். கறுப்புக் கண்ணாடியோடு சிட்டு வேலைக்குத் திரும்பியபோது, அவளுக்குப் பக்கத்து மேசையில் அண்ணி சோளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

சிட்டு குனிந்து முடிச்சைப் பார்த்தாள். “பையை இப்படியா கட்டுவாங்க? குடுங்க இங்க” என்று பிடுங்கினாள்.

“வந்ததும் வராததுமா அதிகாரத்தைப் பாரு” என்றாள் அண்ணி.